பூ வண்டியில் பேஸ் பெட்டி: ஒற்றைக் கேபின் பிக்கப் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பூ வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர் எங்கள் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தும்போதே வண்டியில் ஒரு சப்வூஃபர் (பேஸ் எனும் அடித்தொனிக்கான ஸ்பீக்கர்) இருந்தது. வேறோர் இடத்தில் மாட்டியது. 12 இன்ச் ஊஃபர், காற்றுக்குழாய் வைத்த பெட்டி; இருக்கைக்குப் பின்னால் கேபினின் முழு அகலத்துக்கும் திணித்திருந்தார்கள். அவருக்கு மூன்று குறை. "தம்பி, பாட்டு சத்தமாத்தேன் கேக்குது. ஆனா இடுப்பு போச்சு" என்றார் முதலில். அடுத்தது, ஒருநாள் ஓட்டாமல் விட்டால் மறுநாள் செல்ஃப் எடுப்பதில்லை. மூன்றாவதைச் சொல்ல வார்த்தை கிடைக்காமல் கையால் காற்றை அமுக்கிக் காட்டினார். "எந்தப் பாட்டப் போட்டாலும் ஒரே கும்முனு இருக்கு."

வண்டி ஒற்றைக் கேபின் பிக்கப். ஓட்டுநருக்குத் தனி இருக்கை, பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் நீள இருக்கை. நிலக்கோட்டைப் பக்கம் இருட்டோடு கிளம்பி, ஊர் ஊராக நின்று மல்லிகை மூட்டை ஏற்றி, மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இறக்குவது இவர் தொழில். மொட்டு வாய் திறந்துவிட்டால் விலை இறங்கிவிடும் என்பதால் வழியில் நின்று ஆற அமர இளைப்பாற முடியாது. பக்கத்தில் இரண்டு சுமைதூக்கும் ஆட்கள் எப்போதும் இருப்பார்கள். ஏ.சி. கிடையாது, கண்ணாடி இரண்டும் பாதிக்கு மேல் இறங்கியே இருக்கும். இந்த விவரங்களை முதலிலேயே கேட்டு வாங்கியது வீண் போகவில்லை. பெட்டியின் அளவு முதல் சத்தத்தின் அமைப்பு வரை பின்னால் எடுத்த முடிவுகள் பெரும்பாலும் இவற்றிலிருந்து வந்தவைதான்.

பேஸ் நன்றாக இருந்தால் தூக்கம் வராது என்பது அண்ணனின் நம்பிக்கை. தூக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்டித் தூங்குவது ஒன்றுதான் மருந்து என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தேன்.

பழைய வேலையைப் பிரித்துப் பார்த்தது

முதலில் வயர். இடுப்பு வலியைவிட அவசரமான விஷயம் அங்கேதான் இருந்தது. பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் பவர் வயரில் ஃபியூஸ் இருந்தது. ஆனால் ஆம்ப்ளிஃபயர் பக்கத்து முனையில். ஃபியூஸ் காப்பது ஆம்ப்ளிஃபயரை என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது வயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையில் உள்ள வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால், பேட்டரியில் உள்ள கரண்ட் அத்தனையும் அந்த வழியாகப் பாயும். மறு முனையில் உட்கார்ந்திருக்கும் ஃபியூஸுக்கு ஒன்றும் தெரியாது. இந்த வண்டியில் கேபினுக்குள் வயர் நுழையும் தகரத் துளைக்கு ரப்பர் வளையம் போடவில்லை. அந்த இடத்தில் மேலுறை தேய்ந்து உள்ளே உலோகம் மினுங்கியது. தகரத்தின் கூர் விளிம்புக்கும் அதற்கும் நடுவே ஒரு நூல் அளவு பிளாஸ்டிக்தான் மிச்சம். பின்னால் இருப்பதோ சாக்கும் பூவும்.

வயரை பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். இதே தடிமனில் சுத்தச் செம்பு கடத்துவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இது கடத்தும். கடையில் வாங்கும்போது பாக்கெட்டில் உள்ள எண்ணை மட்டும் பார்க்காமல் ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்து வாங்குவது நல்லது.

செல்ஃப் எடுக்காததற்குக் காரணம் தேட அதிக நேரம் ஆகவில்லை. ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் ரிமோட் வயரை ஸ்டீரியோவின் ரிமோட் முனையில் கொடுக்காமல் நேரடி பாசிட்டிவில் முறுக்கிவிட்டிருந்தார்கள். சாவியை எடுத்த பிறகும் ஆம்ப்ளிஃபயர் விழித்தே இருந்தது. சும்மா இருக்கும்போதே இந்த வகை ஆம்ப்ளிஃபயர் அரை ஆம்பியரிலிருந்து ஒரு ஆம்பியர் வரை இழுக்கும். ஒரு நாள் முழுக்க நின்றால் 12 முதல் 24 ஆம்பியர்-அவர் காலி. கொஞ்சம் வயதான பேட்டரிக்கு இது போதும்.

பெட்டிக்கு வருவோம். ஓட்டுநர் இருக்கையின் சாய்வை நிமிர்த்தி, இருக்கையையும் முன்னால் தள்ளித்தான் பெட்டிக்கு இடம் பிடித்திருந்தார்கள். அண்ணன் நல்ல உயரம். முழங்கால் ஸ்டீயரிங்குக்கு அடியில் மடங்கி, முதுகு செங்குத்தாக, இப்படியே மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். அவ்வளவு செய்தும் காற்றுக்குழாயின் வாய்க்கும் இருக்கையின் பின்பக்க ஸ்பஞ்சுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையவில்லை. குழாய் வைத்த பெட்டி மூச்சு விடவேண்டும். வாய்க்கு முன்னால் குறைந்தது குழாயின் விட்டம் அளவுக்காவது வெற்றிடம் தேவை. இங்கே அது வாயை ஸ்பஞ்சில் புதைத்துக்கொண்டு இரைந்தது.

போனிலிருந்து 30 ஹெர்ட்ஸ் முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை ஓட்டிக் கேட்டால், 50 ஹெர்ட்ஸ் அருகே மட்டும் ஒரு மேடு. அதற்கு மேலும் கீழும் பள்ளம். அண்ணன் கையால் அமுக்கிக் காட்டிய 'கும்' அதுதான். தவில் கேட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்து அடி ஒவ்வொன்றுக்கும் ஒரு கனம், ஒரு நிறுத்தம் உண்டு. இந்தப் பெட்டியில் எல்லா அடியும் ஒரே இழுவையாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

சப்பாத்தி மாவும் அளவுநாடாவும்

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. இருக்கை முதலில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பதுதான் பெட்டிக்கு. பெட்டிக்கு மிஞ்சியதற்கு ஏற்ற ஊஃபரைத் தேடுவது கடைசி வேலை. பெரும்பாலான இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. கையில் 12 இன்ச் ஊஃபர் இருக்கிறது, அதற்குப் பெட்டி, பெட்டிக்கு இடம், இடத்துக்காக ஆளின் முதுகு.

பழைய பெட்டியை எடுத்துவிட்டு, அண்ணனை உட்காரவைத்து, அவருக்கு வாகான நிலையில் இருக்கையைப் பின்னால் தள்ளிச் சாய்த்துக்கொள்ளச் சொன்னேன். அந்த நிலையில் இருக்கையின் மேல் விளிம்பு கேபின் சுவரைத் தொடப் பார்த்தது. அதாவது ஓட்டுநருக்குப் பின்னால் பெட்டிக்கு இடமே இல்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பெட்டி நீள இருக்கைக்குப் பின்னால் மட்டும்தான்.

அங்கே சுவர் நேராக நிற்கிறது. இருக்கையின் முதுகு மேலே போகப் போகப் பின்னால் சாய்கிறது. அடியில் அகலம், மேலே குறுகல். தரையில் 235 மி.மீ., 380 மி.மீ. உயரத்தில் 135 மி.மீ. இதெல்லாம் காலி இருக்கையில் எடுத்த அளவு. ஆள் உட்கார்ந்து சாயும்போது ஸ்பஞ்சும் அதன் பின்னாலுள்ள ஸ்பிரிங்கும் பின்னால் பிதுங்கும். எவ்வளவு பிதுங்கும் என்பதை அளவுநாடாவால் பார்க்க முடியாது, கை போகாது. அதற்குச் சப்பாத்தி மாவு. வைக்கப்போகும் பெட்டியின் அளவில் அட்டையில் ஒரு முகம் வெட்டி, மரச்சட்டத்தில் அறைந்து, பின்னால் நிறுத்தினேன். அதன் முகத்தில் எலுமிச்சை அளவு மாவு உருண்டைகளைப் பல இடங்களில் ஒட்டி, சுமைதூக்கும் ஆட்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னேன். நன்றாகச் சாய்ந்து, குலுங்கி, ஒரு தடவை வேண்டுமென்றே முதுகை இடித்து உட்கார்ந்தார்கள். எழுந்த பிறகு இருக்கையை முன்னால் மடக்கி உருண்டைகளை எடுத்து, தட்டையான இடத்தில் கனம் பார்த்தேன். காலியாக இருந்தபோது 45 மி.மீ. இருந்த இடைவெளி, நடு உயரத்தில் 31 மி.மீ. ஆகியிருந்தது. அடிப்பக்கம் பெரிய மாற்றம் இல்லை.

இந்த 31 முக்கியமான எண். ஊஃபரின் ரப்பர் விளிம்பு முகப்புக்கு வெளியே ஒரு 12 மி.மீ. துருத்தும்; கூம்பு முன்னால் பாய்வது இன்னொரு 9 மி.மீ. மிச்சம் 10 மி.மீ.தான். ஊஃபரை நடுவிலிருந்து கொஞ்சம் கீழே இறக்கினால் கூடுதல் இடம் கிடைக்கும். இறக்கினேன். முன்னால் இரும்பு வலையும் போட்டாயிற்று. ஒருவர் முட்டியை மடக்கி அழுத்தினாலும் கூம்பு கிழியாது.

நீள இருக்கைக்குப் பின்னாலும் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஜாக்கி, வீல் ஸ்பேனர், தார்ப்பாய்க் கயிறு எல்லாம் அங்கேதான் கிடக்கும். வாடிப்பட்டிக்கு முன்னால் டயர் பஞ்சராகி, விடியாத நேரத்தில் ஜாக்கியை எடுக்கப் பெட்டியைக் கழற்றும்படி ஆகக்கூடாது. கதவுப் பக்கம் அவற்றுக்கு விட்டுவிட்டு 700 மி.மீ. அகலத்தில் பெட்டியை முடித்துக்கொண்டேன்.

கணக்கு

வெளி அளவு: அகலம் 700, உயரம் 380, ஆழம் அடியில் 190, மேலே 90 மி.மீ. முகப்புப் பலகை 18 மி.மீ., மற்றவை 12 மி.மீ. உள்ளே அகலம் 676, உயரம் 356, சராசரி ஆழம் 110. பெருக்கினால் 26.5 லிட்டர். உள்ளே வைக்கும் தாங்குசட்டமும் ஊஃபரின் உடலும் ஏறக்குறைய 2 லிட்டரை எடுத்துக்கொள்ள, நிகரம் 24.5 லிட்டர்.

சாதாரண 12 இன்ச் ஊஃபர் 140 மி.மீ.க்கு மேல் ஆழம் கேட்கும். இங்கே நடு உயரத்தில் முகப்பிலிருந்து பின் பலகை வரை கிடைப்பது 125 மி.மீ. பக்கம். ஆகவே 10 இன்ச், அதிலும் ஆழம் குறைந்த தட்டை வகை. வாங்கிய ஊஃபருக்கு 85 மி.மீ. போதும். காந்தத்துக்குப் பின்னால் காற்று போய்வர இடம் மிஞ்சுகிறது. அதன் கூடவே வந்த தாளில் மூன்று எண்கள்: ஒத்ததிர்வு (ஊஃபர் தானாக அதிரும் அதிர்வெண்) 34 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். (அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதன் அளவு) 0.52, வி.ஏ.எஸ். (கூம்பைப் பிடித்திருக்கும் விளிம்பின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு) 22 லிட்டர். இந்தத் தாளைக் கடையிலேயே தூக்கிப்போட்டுவிடுகிறவர்கள் உண்டு. பெட்டிக்காரனுக்கு ஊஃபரைவிட இந்தத் தாள்தான் முதலில் வேண்டும்.

மூடிய பெட்டிக்குக் கணக்கு எளிது. வி.ஏ.எஸ்-ஐப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 22-ஐ 24.5-ஆல் வகுத்தால் 0.9, ஒன்றைக் கூட்டினால் 1.9, வர்க்கமூலம் 1.38. இதை 0.52-ஆல் பெருக்கினால் 0.72. மூடிய பெட்டியில் மேடு பள்ளம் இல்லாமல் சமமாக இறங்கும் நிலைக்கு 0.707 என்பார்கள், அதற்கு ஒட்டியே வந்துவிட்டது. அதே 1.38-ஐ 34-ஆல் பெருக்கினால் 47 ஹெர்ட்ஸ்; பெட்டிக்குள் ஊஃபரின் புது ஒத்ததிர்வு அது.

47-க்குக் கீழே ஒலி ஆக்டேவுக்கு (அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபெல் வீதம் விழும். வீட்டில் வைத்தால் இந்தப் பெட்டி கொஞ்சம் மெலிந்துதான் கேட்கும். கேபினுக்குள் கதை வேறு. கேபினின் நீளம் சுமார் 1.4 மீட்டர். ஒலியின் வேகம் 343-ஐ அதன் இருமடங்கால் வகுத்தால் 122 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒலி அலையாக ஓட இடமில்லை. கேபின் காற்று முழுவதும் ஒருசேர அமுங்கி விரிகிறது. கீழே போகப் போக அழுத்தம் கூடுகிறது. கொள்கையளவில் ஆக்டேவுக்கு அதே 12 டெசிபெல். பெட்டி இழப்பதைக் கேபின் ஈடுகட்டுகிறது. குழாய் வைத்த பெட்டி இந்த இடத்தில் தன் மேட்டையும் கேபினின் மேட்டையும் ஒன்றாக்கித்தான் கும்மென்று இரைந்தது. சின்னக் கேபினுக்கு மூடிய பெட்டியே போதும் என்று நான் சொல்வது இதனால்தான். குழாய் வைத்துக் கேட்பவர்களிடம் கொஞ்சம் வாதாடவும் செய்வேன்.

ஆனால் கண்ணாடி இறங்கியிருந்தால் இந்த ஈடு பெரிதும் குறையும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

பலகை, ஒட்டு, போல்ட்

மரநாரை அமுக்கிச் செய்த எம்.டி.எஃப். பலகை வேண்டாம் என்று முடிவு செய்ததற்கு ஒலி காரணமில்லை. பூ வண்டி எப்போதும் ஈரம். நனைந்த சாக்கும் துண்டும் இருக்கைக்குப் பின்னால்தான் போய் விழும். வண்டி கழுவும்போது தண்ணீர் பைப்பைக் கேபினுக்குள்ளும் காட்டுவார்கள். எம்.டி.எஃப்.பின் வெட்டு விளிம்பு தண்ணீர் குடித்தால் ஊதிப் பிளந்துவிடும். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மெரைன் பிளைவுட்டில் அந்தத் தொல்லை குறைவு. ஐ.எஸ். 303 சாதாரண வகை. மலிவு, ஆனால் இந்த வேலைக்கு வேண்டாம். வெட்டு விளிம்புகளுக்கு உள்ளேயும் வெளியேயும் வார்னிஷ். அடியில் நாலு ரப்பர் கால். தரையில் தேங்கும் தண்ணீர் பலகையைத் தொடாது.

மூலைகளில் ஒட்டும் ஸ்குரூவும், உள்ளே சீலண்ட் கோடும். ஊஃபரைப் பொருத்தியபின் 40 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டிக்கொண்டு, கொளுத்திய ஊதுபத்தியை ஒவ்வொரு சந்தின் அருகிலும் கொண்டுபோனேன். கசிவு இருந்தால் புகை அந்த இடத்தில் படபடக்கும். ஊஃபர் வயர் வெளியே வரும் துளையில் படபடத்தது. அடைத்தாயிற்று.

உள்ளே நிரப்பப் பஞ்சு கேட்டபோது கூட இருந்த பையன் இலவம்பஞ்சு வாங்கிவந்தான். போடிப் பக்கம் விளைவது, தலையணைக்கு அதுபோல வராது. ஆனால் அதன் நுண்தூசி ஊஃபரின் சுருளுக்குள் புகுந்து உராயும், ஈரமும் உறிஞ்சும். திருப்பிக் கொடுத்துவிட்டு பாலியெஸ்டர் பஞ்சை லேசாக உதிர்த்துப் போட்டோம்.

பெட்டி, ஊஃபரோடு சேர்த்து சுமார் 12 கிலோ. இருக்கைக்குப் பின்னால் நெருக்கமாகத்தானே இருக்கிறது, எங்கே போய்விடும் என்று சும்மா வைத்துவிடுகிறவர்கள் உண்டு. திடீர் பிரேக்கில் அந்த 12 கிலோ இரண்டு பேரின் முதுகெலும்பில் இடிக்கும். நாலு மூலையிலும் எல் வடிவ இரும்புப் பட்டை, எம்8 போல்ட், பின்பக்கம் அகலமான வாஷர், நைலான் நட். தரையில் துளைக்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தாக வேண்டும். டீசல் குழாய், பிரேக் குழாய், பின்விளக்கு வயர்க்கட்டு எல்லாம் சேசிஸை ஒட்டித்தான் போகின்றன. இங்கே ஒரு துளையை நினைத்த இடத்திலிருந்து நாலு விரல் தள்ளிப் போட வேண்டியிருந்தது. நேர் கீழே பிரேக் குழாய். துளைகளில் துருத்தடுப்புப் பெயின்ட், மேலே சிலிகான்.

வயரிங்

ஆம்ப்ளிஃபயர் 4 ஓமில் 250 வாட். செயல்திறன் 80 சதவீதம் என்று வைத்தால் 13.8 வோல்ட்டில் 23 ஆம்பியர் இழுக்கும். 8 கேஜ் சுத்தச் செம்பு வயர், பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ், தகரத் துளையில் ரப்பர் வளையம், வழி நெடுக நெளிகுழாய். எர்த் வயரை இருக்கை போல்ட்டில் கொடுக்காமல், சேசிஸில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் தனியாக முடுக்கினேன். ரிமோட் வயர் ஸ்டீரியோவுக்குப் போயிற்று. ஆம்ப்ளிஃபயர் நீள இருக்கைக்கு அடியில், தரையில் படாமல் ஒரு பட்டையில். மதுரை வெயிலில் பகலெல்லாம் பூட்டி நிற்கும் கேபினில் அதற்குக் காற்றோட்டம் வேண்டும்; பெட்டியின் மேலேயே அறைந்துவிடுவது தவறு.

கெயின் (ஆம்ப்ளிஃபயர் ஒலியை எவ்வளவு பெருக்க வேண்டும் என்ற திருகு) வைப்பதற்குக் காதை நம்ப வேண்டாம். 250-ஐ 4-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 31.6 வோல்ட். ஊஃபர் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவை முக்கால் சத்தத்தில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒலியில் மல்டிமீட்டர் அந்த எண்ணைக் காட்டும் வரை திருகினால் போதும். பேஸ் பூஸ்ட் பூஜ்யம். லோ பாஸ், அதாவது ஊஃபருக்குப் போகும் ஒலியின் மேல் எல்லை, 80 ஹெர்ட்ஸ்.

கண்ணாடி இறக்கி வைத்த சத்தம்

பட்டறைக்குள் கண்ணாடியை ஏற்றி வைத்து அழகாகச் சரிசெய்து கொடுத்தால், ரோட்டில் கண்ணாடி இறங்கியதும் அடி பேஸ் காணாமல் போகும். ஆகவே அண்ணன் ஓட்டும் விதத்திலேயே, இரண்டு கண்ணாடியும் பாதிக்கு மேல் இறங்கிய நிலையில், சமயநல்லூர் வரை போய் வந்துதான் அளவு வைத்தோம். கூம்பு பாயும் திசையைத் திருப்பும் ஃபேஸ் சுவிட்சை இரண்டு பக்கமும் மாற்றிப் பார்த்ததில் 180 டிகிரியில் கதவு ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டது. பேஸ் அளவுக்கு மட்டும் தனியாக ஒரு குமிழ் டேஷ்போர்டில் வைத்தாயிற்று. மழைக்குக் கண்ணாடி ஏற்றினால் அவரே குறைத்துக்கொள்ளலாம்.

அந்தக் குமிழுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை அளவு 45 டெசிபெல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக்கப்பட்ட இடங்களில் 40. இவர் ஓடுவதே அந்த நேரம். ஊருக்குள்ளும் கோரிப்பாளையத்தில் பெரியாஸ்பத்திரி பக்கமும் குமிழ் பூஜ்யத்துக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஆம்புலன்ஸ் சத்தமும் காதில் விழ வேண்டுமே.

கேபினின் பின் தகரம் தட்டினால் தகர டப்பாவாக அதிர்ந்தது. அதிர்வை அடக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை நடுப்பகுதியில் ஒட்டியதும் அடங்கிற்று. அதன் பிறகும் ஒரு கிணுகிணுப்பு. மெதுவாக ஏறும் ஒலியை ஓட்டிக்கொண்டு ஒவ்வொரு பொருளாகக் கையால் பிடித்துப் பார்த்ததில் ஜாக்கியின் கைப்பிடிக் கம்பி அகப்பட்டது. பழைய டியூப்பை வெட்டிச் சுற்றினேன். சீட் பெல்ட் கொக்கிக்கும் அதே வைத்தியம்.

அண்ணன் சித்திரைத் திருவிழா முடிந்து, போல்ட் முடுக்க வந்தார். திருவிழா நாட்களில் வண்டி ஓய்ந்து நின்றதே இல்லையாம். இரண்டு போல்ட்டுகள் கால் சுற்று இளகியிருந்தன. மற்றபடி பெட்டி அசையவில்லை, அடிப்பலகையில் ஈரம் ஏறவில்லை. பேட்டரி புகார் இல்லை. இடுப்பைப் பற்றிக் கேட்டதற்கு "முன்னைக்கு இப்பப் பரவாயில்ல" என்றார். நாள்பட்ட வலி என்பதால் டாக்டரையும் பார்க்கச் சொன்னேன். சத்தம் பழைய பெட்டி அளவுக்கு வெளியே கேட்கவில்லை என்று சுமைதூக்கும் ஆட்களில் ஒருவருக்கு மட்டும் மனக்குறை. பின் கண்ணாடி 63 ஹெர்ட்ஸ் வாக்கில் இன்னும் லேசாக அதிர்கிறது. கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங் ரப்பர் காய்ந்து சுருங்கிவிட்டது. டேம்பிங் ஷீட் ஒட்டி அதைச் சரிசெய்ய முடியாது. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வண்டியை நிறுத்தும்போது கண்ணாடியைக் கழற்றிப் புது பீடிங் போட்டுக்கொள்வதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.